நெடி வருதா?

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. 1984இல் ஒரு ஞாயிறு இதழுக்காக ‘மிளகாய் வந்த வழி’ என்று எழுதத் தொடங்கினேன். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. மிளகைப் போல உறைத்ததால் மிளகாய் ஆனது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால்...

(இதற்குமேல் கட்டுரை நகரவில்லை. இனி நாகையா பார்த்துக்கொள்ளட்டும்.)

2

நாகையா, தமிழர்கள் கடல் தாண்டிக் குடியேறிய காப்பாரில் லோரி ஓட்டுபவன், எழுத்துப் பைத்தியம். அவன் மேசையிலும் இதே கட்டுரை. மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். (குழந்தைக்கு வேறு பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.) மனைவி ரமணி வரமிளகாயும் கல்லுப்பும் எடுத்துத் திருஷ்டி சுற்ற வந்தாள். படித்த திமிர் அவனைச் சும்மா விடவில்லை.

“மிளகாயே நம்மளுது இல்ல லா. கப்பல்ல வந்தது. அதுக்கு முன்னால யாருக்கும் கண்ணு படலையா?”

“நாமளும்தான் கப்பல்ல வந்தோம். நம்மளையும் தூக்கிப் போட்டுருவீங்களா?”

சொல்லிவிட்டு அழுதாள். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

3

சுற்றிய மிளகாயைப் பின்கட்டில் தணலில் போட்டாள். நெடி வராவிட்டால், பட்டிருந்த கண் கழிந்துவிட்டது. வந்தால் அது வெறும் காய்ச்சல். ஊருக்கே தெரிந்த கணக்கு.

“நான் சளியில காலையிலேருந்து இருமிட்டுத்தான் இருக்கேன், எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, நெடி வருதா? வந்தா இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்.”

நெடி அவன் தொண்டையை அறுத்தது. அழவைத்தவளை மறுபடி அழவைக்க மனமில்லாமல் இருமலை விழுங்கினான்.

“வரல. கண்ணுதான்.”

மூன்று நாளில் முதல்முறையாக ரமணி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுநாள் மதியம் குழந்தை

(இந்த வாக்கியத்தைப் பத்து வருடமாக முடிக்க முடியவில்லை.)

4

ஒரு முடிவில் குழந்தை பிழைத்துப் பள்ளிக்கூடம் போனாள். எழுதிக் கிழித்துவிட்டேன். இன்னொன்றில் நாகையா மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான். அந்தத் தைரியம் அவனுக்கு இல்லை. “கண்ணு கழிஞ்ச புள்ள ஏங்க போச்சு?” என்று ரமணி இன்றும் என்னைக் கேட்கிறாள்.

என்னால் ஆகாது. நீங்கள் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். தணல் புகைந்துகொண்டிருக்கிறது, ரமணி பதிலுக்காக நிற்கிறாள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரே ஒரு தடவை இருமுங்கள்.