மார்க்கருக்கு ஒரு பல்செட்

ஒரு யானையைக் கொண்டுபோய் அப்பாவின் வாய்க்குள் அடைக்கச் சொல்கிறார்கள், அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் கைப்பையிலிருந்து ஒரு தந்தப் பந்தை எடுத்து வேலை மேசைமேல் வைத்தாள். வைத்த இடத்தில் நிற்காமல் அது மெழுகுத் துண்டுகளுக்கு நடுவே உருண்டு, ஒரு பிளாஸ்டர் அச்சில் முட்டி நின்றது. அந்த அச்சு அவளுடைய அப்பாவின் ஈறு.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் இருந்த அந்த அறையில் பல்செட் செய்வது அவள் வேலை. தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால் மென்றார்கள், சண்டை போட்டார்கள், பேரப் பிள்ளைகளைக் கொஞ்சினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. பல்லைப் பார்த்து 'நல்லா செஞ்சிருக்காங்களே' என்று யாராவது சொன்னால், அது செய்த பல் என்று தெரிந்துவிட்டது என்றுதானே பொருள். பாராட்டு வராமலிருப்பதுதான் அந்தத் தொழிலில் பாராட்டு. இதை அவள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வாழ்நாளெல்லாம் ஒரு கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்தவர். புள்ளிகளைக் கூவிச் சொல்வது, மேசைத் துணியைத் துலக்குவது, கோல்களுக்கு நுனித் தோல் ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்துகளைப் பேணுவது. அந்தக் காலத்துப் பந்து தந்தத்தில் கடைந்தது. தந்தத்துக்கு நடுவே நரம்பு ஓடிய துளை ஒன்று உண்டு. அது பந்தின் மையத்தில் வந்து உட்கார்ந்தால்தான் பந்து நேராக ஓடும். அதற்கு ஆண் யானையின் பருத்த தந்தம் ஆகாது, ஒடுங்கின பெண் யானைத் தந்தம்தான் வேண்டும், பெண் யானைக்கும் தந்தம் முளைக்கிற தேசத்திலிருந்து அது கப்பலில் வரவேண்டும் என்பார் அப்பா. வந்த பந்தை உடனே ஆடவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் பெட்டிக்குள் உறங்கவிட்டு, அப்புறம் மெதுவான ஆட்டங்களில் பழக்குவார்கள். குளிரில் விரிசல் விடும், ஈரத்தில் ஒரு பக்கம் கோணும். அப்பா அவற்றை ஃபிளானல் துணியில் சுற்றி வைப்பார், தினமும் திருப்பிப் போடுவார். 'பெத்த பிள்ளைய இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கல' என்பாள் அம்மா. பெற்ற பிள்ளையும் அதைக் கேட்டுச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்த ஃபிளானல் பொட்டலங்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு கிளப்புக்கு பிளாஸ்டிக் பந்து வந்தது. கோணாது, விரிசல் விடாது, யாரும் திருப்பிப் போட வேண்டாம். அப்பாவுக்கு அதன் சத்தமே பிடிக்கவில்லை. சமையலறையில் தட்டு விழுந்த மாதிரி இருக்கிறதாம். பழைய பந்துகள் மூன்றைக் கிளப்பில் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று சட்டப்படி அவற்றை விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. அலமாரியில் அப்பாவின் பனியன்களுக்கு நடுவில் அவை, முட்டைகள் தம்மை இட்ட கோழியை எதிர்பார்த்துக் கிடப்பதுபோல் கிடந்தன.

இப்போது வந்த வம்புக்கு வருவோம். அப்பாவின் பல் ஒவ்வொன்றாகப் போய், கடைசி இரண்டையும் டாக்டர் போன மழைக்காலத்தில் பிடுங்கினார். தெருக்கோடி வரை கேட்கிற சிரிப்பு அவருடையது. பிடுங்கின நாளிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இவருக்குச் சிரிப்பும் சேர்ந்து போச்சு" என்று அம்மா கவலைப்பட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போட்டோவில் நிற்க மாட்டேன் என்றார் அப்பா. புண் ஆறியதும் டாக்டர் ஈறை அச்செடுத்து வைத்திருந்தார்; ஆனால் பல்செட் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன். பிளாஸ்டிக் தன் வேலையைக் கெடுத்தது போதாதா, வாய்க்குள்ளும் வரவேண்டுமா என்று கேட்டார். அம்மா கெஞ்சினாள், அண்ணன் அதட்டினான், கல்யாணப் பெண் ஃபோனில் அழுதாள். கடைசியில் அவர் அலமாரியைத் திறந்து, ஒரு பந்தை எடுத்து மகள் கையில் வைத்தார்.

"இதுல செஞ்சு குடு, போட்டுக்கறேன். நீதான் செய்யணும் பாப்பா. வேற யாரையும் இதைத் தொட விடமாட்டேன்."

அப்பா அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை தானாக ஆடிவிட்டது.

அவள் பந்தைப் பிடிப்பானில் இறுக்கி, விளக்கை அருகில் இழுத்து, சிறு டிரில்லை மெல்ல வைத்தாள். வெள்ளைத் தூள் பறந்தது. கீறின இடத்தில் சல்லடைபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. அதற்குள் வாசனை வந்துவிட்டது. முன்னறையில் தினமும் வருகிற அதே வாசனை, பல்லைக் குடையும்போது வருவது.

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இங்க யாருக்கு பல்லு குடையறே?"

"யானைக்கு, டாக்டர்."

விஷயத்தைக் கேட்ட டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தந்தமும் பல்தான், வெளியே நீண்டு வளர்ந்த பல், வாசனை வராமல் என்ன செய்யும் என்றார். ஒரு காலத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும்தான் பல்செட் போட்டுக்கொண்டார்களாம். அது எச்சிலைக் குடித்துக் குடித்து உள்ளே அழுகிப்போகுமாம். விருந்துக்குப் போனால் கையில் விசிறியோடு போய், பேசும்போதெல்லாம் வாய்க்கு முன்னால் விரித்துக்கொள்வார்களாம். "உங்கப்பாவுக்குப் பல்லோட ஒரு விசிறியும் செஞ்சு குடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளி காத்திருப்பது நினைவு வந்து எழுந்து போனார்.

அவள் டிரில்லை அணைத்தாள். அந்தத் தூளைத் துடைக்க மனம் வராமல் விரலால் தொட்டுப் பார்த்தாள். எங்கோ ஒரு பெண் யானை இதை வைத்து மரப்பட்டை உரித்திருக்கும், குட்டிக்கு வழி விலக்கிக் கொடுத்திருக்கும். அப்புறம் இது மனிதர்கள் கோலால் இடிக்க உருண்டது. போதும், இனி கத்தரிக்காயும் மெல்ல வேண்டாம் என்று தோன்றியது. பந்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வழக்கமாகப் பிளாஸ்டிக் பல் செய்கிற அக்ரிலிக் பொடியை எடுத்தாள்.

அட்டையில் வரிசையாக வருகிற தயார்ப் பற்களை அவள் தொடவில்லை. அப்பாவின் பழைய போட்டோ ஒன்றைச் சுவரில் குத்திவைத்து ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினாள். மேல் வரிசையில் ஒன்று லேசாகப் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்திருக்கும், அதையும் சாய்த்தாள். புகையிலை இல்லாத, வெற்றிலை இல்லாத, தேநீர் மட்டும் குடித்த வாய் என்பதால் விளிம்புகளில் கொஞ்சம் பழுப்பு. நிறத்துக்குப் பந்தையே அருகில் வைத்துப் பொடிகளைக் கலந்து கலந்து பார்த்தாள். அப்பா வயதுக்கு அதுதான் பொருத்தமான நிறம். ஆனால் உள்ளே ஒரு குரல், ஏமாற்றுவதற்கும் அதுதானே வசதி என்றது. அவள் அந்தக் குரலைத் தள்ளிவிட்டு அடுத்த பல்லை எடுத்தாள். வேலை அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துப் பாடுவதை அவளே நடுவில்தான் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பல்செட்டோடு வீட்டுக்குப் போனவள், சமையலறையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். விசிறிக் கதையைக் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"யானைன்னே சொல்லிடு. ஒரு வார்த்தைதானே. நெசம் தெரிஞ்சா மனுஷன் கழட்டி எறிஞ்சுடுவாரு. ரெண்டு நாள்ல கல்யாணம்டி."

அவள் பல்செட்டைக் குழாயில் கழுவி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். அவள் கீழ் வரிசையை வைத்தாள், மேல் வரிசையை வைத்தாள், தாடையைப் பிடித்து மூடினாள். கன்னம் இரண்டும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன. அப்பா கண்ணாடியைப் பார்த்தார். நாக்கால் உள்ளே ஒரு சுற்று வந்தார். பிறகு கிளப்பில் கூவுகிற குரலில், யாரோ ஆடுகிற மாதிரி, புள்ளிகளை வரிசையாகக் கூவினார். ஒரு எழுத்தும் காற்றில் நழுவவில்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. கை மடியிலேயே கிடந்தது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்த சிரிப்பு வீட்டை நிறைத்தது; அம்மா உள்ளேயிருந்து ஒரு கேரட்டைக் கொண்டுவந்து நீட்ட, கடக்கென்று கடித்தார்.

"யானை யானைதான்" என்றார் மென்றுகொண்டே. "பிளாஸ்டிக்ல இது வருமா? சொல்லு பாப்பா, பாதிப் பந்து மிச்சம் இருக்குமா?"

அப்பாவின் தலைக்குப் பின்னால் அம்மா கண்ணால் கெஞ்சினாள்.

"முழுப் பந்தும் இருக்குப்பா. இதுல யானை இல்ல. நான் செஞ்சது."

மெல்லுவது நின்றது. அப்பாவின் கை மெதுவாக எழுந்து வாய்வரை வந்தது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் பல்லைக் கழற்றவில்லை. மேல் வரிசையில் சாய்ந்திருந்த அந்த ஒற்றைப் பல்லைத் தடவின.

"இது கோணல்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் கண்ணாடியை மறுபடி எடுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். மகளையும் ஒருமுறை பார்த்தார், புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய பந்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு மிச்சக் கேரட்டைக் கடித்தார். அம்மா மூச்சை விட்டாள்.

"சரி, போகுது" என்றார் அப்பா. "ஆனா கல்யாணத்துக்கு கிளப் ஆளுங்க வருவாங்க. நான் யானைன்னுதான் சொல்லப்போறேன். நீ பக்கத்துல நின்னு ஆமான்னு மட்டும் சொல்லு, போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் தாடையில் ஒட்டியிருந்த கேரட் துணுக்கை விரலால் துடைத்துவிட்டாள்.

"மாட்டேன்பா" என்றாள்.