பின்வளவு எஸ்டிமேட்

வலது காலை முன்வைத்து அவர் இறங்கிக்கொண்டிருக்கிறார், முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி, அதற்கப்பால் பலகைத் தளம், வெறுங்காலுக்குக் கீழே பலகை வெயிலில் சூடேறிக் கிடக்கிறது, புது மரத்தின் மணம், தலைக்கு மேலே கண்ணாடி இல்லாத வானம், கையில் தடிகூட இல்லை, தான் போட்ட படியில் தான் இறங்குவதற்குத் தடி எதற்கு என்று நினைத்த நேரம் பார்த்து மருமகன் பிரதீபன் அளவுநாடாவைக் கைநழுவ விட்டான், அது சுர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போய் விழுந்தது, வானம் மறுபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அருளம்பலம் பாதி திறந்த கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சக்கரநாற்காலியில். போன கார்த்திகையில் குளியலறையில் விழுந்த நாளிலிருந்து வலது கால் அவருடையதில்லை, வலது கையும் இல்லை, நாக்கும் இல்லை, காதும் கண்ணும் மூளையும் மட்டும் முன்பிருந்ததைவிடக் கூர்மையாக இருந்து தொலைக்கின்றன, அதனால்தான் இந்தக் கூத்தையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. மருமகன் நாடாவை மறுபடி இழுக்கிறான், நுனியைச் சுவரில் கொழுவத் தெரியவில்லை, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மற்றக் கையை எட்டுகிற மட்டும் நீட்டுகிறான், அடேயப்பா, பெரிய இஞ்சினியர், வங்கியில் கணினிக்கு முன்னால் இருந்து கடன் அட்டை விற்கிறவன் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பின்வளவில் பலகைத் தளம், அதுதான் டெக், கட்டக் கிளம்பியிருக்கிறான், மாமாவுக்காகத்தான் இந்த டெக் என்று சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

மாமாவுக்காகத்தான், அது பொய்யில்லை, வெயில் படவேணும் என்று வைத்தியர் சொன்னார், ஒரு முழுக் குளிர்காலம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பனி விழுவதையும் உருகுவதையும் பார்த்தாயிற்று, இந்தக் கோடையில் ஒரு நாளாவது வெளியில் போய் இருக்கவேணும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை, அந்த ஆசையை வாயால் சொல்ல முடியாததில் ஒரு நன்மை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆசை யாருடைய கையில் போய் மாட்டியிருக்கிறது பாருங்கள், ஒருவன் இவன், மற்றவன் மனைவியின் தம்பி குலசிங்கம், ஸ்காபரோவில் கொத்துரொட்டிக் கடை நடத்திக் கொழுத்தவன், வெள்ளைச் சப்பாத்தோடு புல்லில் நின்று, ஐஞ்சு சதத்துக்குப் பிரயோசனமில்லாத யோசனைகளை அள்ளி வீசிக்கொண்டிருக்கிறான். பன்ரண்டடிக்குப் பதினாறடி போடுவம் தம்பி, பேத்டே பார்ட்டி எண்டால் அறுவது பேரெண்டாலும் நிக்கோணும். நிலத்தோடை ஒட்டப் போட்டால் பெர்மிட் ஒண்டும் கேக்க மாட்டாங்கள், சுத்திவரக் கைபிடிக் கம்பியும் அடிக்கத் தேவையில்லை, தூணுக்கு ரெண்டடி தோண்டினால் காணும், ஊரிலை நாங்கள் வீட்டுக்கே ரெண்டடிதானே வெட்டினது. ஊரில் நீ என்ன வெட்டினாய், வாழைக்குலைகூட வெட்டியிருக்க மாட்டாய், என்று அருளம்பலம் தொண்டைக்குள்ளேயே சொன்னார், ஊரில் மண் உறையாது, இங்கே நாலடிக்குக் குளிர் இறங்கும், ரெண்டடியில் நட்ட தூணைப் பனி பிடுங்கி மேலே தள்ளும், பக்கத்து வீட்டு வேலி இந்தப் பங்குனியில் எப்படிக் கோணிக்கொண்டு நின்றது என்று இந்த நாற்காலியில் இருந்தே அவர் பார்த்தவர், இவன் கண் இருந்தும் பார்க்காதவன்.

பிரதீபன் கைப்பேசியைத் தட்டிக் கணக்குப் பார்க்கிறான், பதினாறு அடி, பலகையைத் தாங்கப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், அப்ப பன்ரண்டு சட்டம் மாமா என்று குலசிங்கத்திடம் சொல்கிறான், அதைக் கேட்ட அருளம்பலம் மனதுக்குள் கணக்கைத் திருத்தினார், பன்னிரண்டு இடைவெளிக்குப் பதின்மூன்று சட்டமடா, கடைசிச் சட்டத்தை உன் கொப்பரா வந்து பிடிப்பார், ஆறங்குலப் பலகை எண்டால் இருவத்திநாலு பலகை என்று மருமகனிடமிருந்து அடுத்த அசட்டுத்தனம், கடையில் ஆறு என்று எழுதியிருப்பது சீவி முடிய ஐந்தரை, இடுக்கு விட்டாலும் இருபத்தாறு வேணும், வெட்டுக் கழிவு பத்து வீதம் வேறு, ஒன்றையும் யோசிக்காத மண்டைக்கு எதற்கு இவ்வளவு முடி. ஊரில் முப்பத்தொரு வருடம் அரசாங்கப் பொதுவேலைப் பகுதியில் எஸ்டிமேட் போட்டவர் அருளம்பலம், அவர் போட்ட எஸ்டிமேட்டில் ஆணி மிஞ்சியதும் கிடையாது, குறைந்ததும் கிடையாது, பூநகரிப் பக்கம் களப்புக் கரையில் இறங்குதுறை கட்டியபோது கொந்தராத்துக்காரன் பலகையைத் தாங்குகிற மூன்று தீராந்தியைக் கட்டையாக வெட்டி ஒட்டுப் போட்டிருந்தான், அவர் பலகைமேல் நடந்து போகும்போதே காலுக்குத் தெரிந்துவிட்டது, அங்கேயே, கூலியாட்கள் எல்லாரும் பார்க்க, அவனுடைய பில்லில் கோடு கிழித்தார், ஐயா பிள்ளைகுட்டிக்காரன் ஐயா என்று அவன் பின்னாலேயே வந்தான், அவர் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவன் ஒரு ஆளா, பலகை இடுக்கில் களப்புத் தண்ணீர் மினுங்குகிறது, அவர் நடந்துகொண்டே இருக்கிறார், வலது கால், இடது கால், பலகை முடிகிற இடத்தில் தண்ணீர் இல்லை, புல், புல்லில் வெள்ளைச் சப்பாத்து, அதற்குள் குலசிங்கம்.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு அவர் தன் பாட்டில் கட்டத் தொடங்கினார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நாலடிக் குழிகள் தோண்டினார், கொங்கிரீட் வார்த்தார், எத்தனை மூட்டை என்று எண்ணினார், பதின்மூன்று சட்டங்களையும் தட்டி நிறுத்தினார், பலகைகளின் வளைந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினார், குலசிங்கத்தின் விருந்தாளிகளுக்குப் பிளாஸ்டிக் கதிரைகூடப் போட்டார், தின்று போகட்டும். வீட்டுக் கதவிலிருந்து தளத்துக்கு இறங்கப் படி வைத்தார், வெளித்தளம் வீட்டுத் தளத்தைவிடத் தாழ்ந்துதான் இருக்கவேணும், மாரிமழை கண்ட எந்த மனிதனும் வேறு மாதிரி யோசிக்க மாட்டான், படியும் ஒற்றைப்படையில்தான், அவர் கட்டிய பள்ளிக்கூடம், தபாற்கந்தோர், ஆசுபத்திரி எல்லாவற்றிலும் ஒற்றைப்படைதான், வலது காலை வைத்துத் தொடங்கினால் வலது காலில் முடியும், மேலிடத்திலிருந்து வரைபடம் நாலு படியோடு வந்தாலும் அவர் ஐந்தாக்கிவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார், அதைக் கேட்க ஒருவனுக்கும் துணிவு இருந்ததில்லை.

அப்போதுதான் பிரதீபன் கதவடியில் வந்து குந்தி, குலசிங்கத்தைத் திரும்பிப் பார்த்து, ரெண்டு படி காணும் மாமா, ஒரு படிக்கான மரம் மிச்சம், என்றான். இரண்டு படி. இந்த உயரத்துக்கு இரண்டு படி. கோழிக்கூட்டுக்குக்கூட அப்படி வைக்க மாட்டார்கள், அதுவும் இரட்டைப்படை, அருளம்பலத்துக்குப் பொறுக்கவில்லை, இடது கையால் நாற்காலிப் பிடியில் ஓங்கி அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார், தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அந்தச் சத்தத்தை அவரே வெறுத்தார், பிரதீபன் பதறி எழுந்து மாமி, மாமாவுக்குப் பாத்ரூமாக்கும் என்று உள்ளே பார்த்துக் கத்தினான், பாத்ரூமாம், உன் தலையில் இடி விழ, அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கையைக் கண்ணாடியில் வைத்துக் கீழே காட்டினார், பிறகு மூன்று விரலை நீட்டினார், நன்றாக விரித்து, வகுப்பில் மக்குப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. முதலில் விளங்கியது குலசிங்கத்துக்குத்தான். மூண்டு படி! அத்தான் மூண்டு படி வைக்கச் சொல்லுறார் தம்பி, ஒற்றையிலை வரோணுமெண்டு, பாத்தியோ, ஆள் விழுந்தாலும் மூளை அப்பிடியே கிடக்கு! பிரதீபனும் சிரித்தான், சரி மாமா, உங்கடை ஓடர், மூண்டு, என்று கைப்பேசியில் அடித்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒருவன் அவர் சொன்னதைக் கேட்டுக் கணக்கைத் திருத்தியிருக்கிறான், அருளம்பலம் நிமிர்ந்து இருந்தார், முட்டாள்களைத் திருத்துவதில் இருக்கிற சுகம் வேறு எதில் இருக்கிறது.

மனைவி இராசமலர் தோளில் கைதுடைக்கிற துணியோடு குசினியிலிருந்து வந்திருந்தாள், மூன்று பேரையும் பார்த்தாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டிப் புல்லைப் பார்த்தாள், அவருடைய விரல்களைப் பார்த்தாள். மூண்டு படியாலை இவர் என்னெண்டு இறங்கிறது, என்று கேட்டாள்.

குலசிங்கம் சப்பாத்தில் ஒட்டிய புல்லைத் தட்டினான், பிரதீபன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றான். அருளம்பலம் தன் மனதில் கட்டிய தளத்துக்கு அவசரமாக ஓடினார், சட்டம் பதின்மூன்றும் இருந்தன, பலகை இருபத்தாறும் இருந்தன, ஆணி, கொங்கிரீட், கழிவு பத்து வீதம், அறுபது விருந்தாளிகள், எல்லாம் சரியாக இருந்தன, சக்கரநாற்காலி எங்கும் இல்லை, அதற்குப் பதிலாகப் படியில் ஒரு மனிதன் இரண்டு காலாலும் இறங்கிக்கொண்டிருந்தான், அவனை அவருக்கு நன்றாகத் தெரியும், அவன் போய் ஏழு மாதம். முன்பு ஊரில், அளவெட்டியில், வீடு கட்டுகிறபோது வரைபடத்தை விரித்து இராசமலருக்குக் காட்டினார், இவள் எல்லாப் பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இதிலை நான் எங்கை நிக்கிறன் என்று கேட்டாள், அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, பிளானிலை ஆக்களைக் கீறுறேல்லையடி விசரி, என்றார், கந்தோரில் ஒரு கிழமை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.

தளத்தைக் கதவு மட்டத்துக்கு உயத்துங்கோ தம்பி, இராசமலர் சொன்னாள், படி ஒண்டும் வேண்டாம், சக்கரக் கதிரை உருண்டு அப்பிடியே வெளியிலை போகட்டும். அக்கா, விளங்காமல் கதைக்காதை, என்று குலசிங்கம் தொடங்கினான், உயத்தினால் சுத்திவரக் கம்பி அடிக்கோணும், பெர்மிட் எடுக்கோணும், எஸ்டிமேட் ரெட்டிப்பாகும், சரி, அதை விடு, வெளியும் உள்ளும் ஒரே மட்டமெண்டால் மழைத்தண்ணி முழுக்க வீட்டுக்குள்ளை வருமே, அத்தானைக் கேட்டுப்பார், அவரே சொல்லுவார். எல்லாரும் அருளம்பலத்தைப் பார்த்தார்கள். அது உண்மைதான், தண்ணீர் வரும், முப்பத்தொரு வருடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

வரட்டும், என்றாள் இராசமலர். நான் துடைப்பன்.

அவ்வளவுதான், அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று திரும்பிப் போய்விட்டாள். குலசிங்கம் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அத்தான் என்ன சொல்லுறியள் என்று கேட்டான். மூன்று விரல்களும் அப்படியே கண்ணாடியில் நீட்டியபடி இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கினார்.