அண்ணனின் மீட்டர் கண்ணாடி

என் தொழில் பல் செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் பல்லும் ஈறுமாகச் செய்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவேன். அதனால் வீட்டில் எனக்குப் பெயர் பல்லு. வைத்தவன் என் அண்ணன். ஐம்பத்தெட்டு வயது மனுஷியை நடுத்தெருவில் நின்று "ஏய் பல்லு" என்று கூப்பிடுகிறவன்.

அவனிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அது அவனைவிட ஐந்து வயது இளையது, என்னைவிட ஒரு வயது மூத்தது. எனக்குத் தராத மரியாதையெல்லாம் அதற்குத் தருவான். தினமும் துடைப்பான், தடவுவான், தனியாகப் பேசவும் செய்வான். அண்ணி போன பிறகு அந்தக் கார்தான் அவனைக் காலையில் எழுப்பி வெளியே கூட்டிப்போனது. அதை நான் மறுக்க மாட்டேன்.

போன மாதம் தன் வீட்டுக் கேட்டிலேயே காரை உரசிவிட்டான். அவன் மகள் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டர் மேல இருக்கிற பிளாஸ்டிக் மங்கிப்போச்சும்மா. குனிஞ்சு பாத்தேன், அதுக்குள்ள உரசிடுச்சு."

"சரிப்பா. அதச் சரி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை நான் பக்கத்துல உக்காருவேன். கேக்குறப்பல்லாம் வேகத்தச் சொல்லணும். சொல்லத் தெரியலன்னா சாவி என்கிட்ட."

அவள் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்து வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

மறுநாளே மீட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிட்டான். வேறு வாங்கலாம் என்றால் அந்தப் பாகம் எங்கும் கிடைப்பதில்லை. மூடி நிஜமாகவே பழுப்பேறி மங்கித்தான் கிடந்தது. போதாததற்கு வட்ட வட்டமாகக் கீறல்.

"என்ன போட்டுத் தேய்ச்சே?"

"பேஸ்ட்டு. பல்லு தேய்க்கிறது."

"இது பல்லாண்ணா?"

"பல்லு நீதானே. உன்கிட்டதானே கொண்டுவந்திருக்கேன்."

திட்டிக்கொண்டே மூடியைக் கழற்றினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊறவைத்த உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். கீறலின் ஆழம் வரை சுற்றியிருப்பதையும் இறக்கினால்தான் கீறல் போகும். அப்போது மொத்தமும் மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"கொன்னுட்டியே பாவி!"

"வாய மூடிட்டு உக்காரு. இல்ல, உனக்கும் ஒரு செட்டு மாட்டி விட்டுருவேன்."

அடுத்து அதைவிட மெல்லிய தாள், பிறகு இன்னும் மெல்லியது. கடைசியில் பல் செட்டுக்கு வைத்திருக்கும் துணிச் சக்கரத்தில் ஈரப்பொடி தடவி, மெதுவாகச் சுற்றவிட்டேன். அழுத்தினால் சூட்டில் இளகிவிடும். அதனால் பத்து எண்ணுவதற்குள் எடுத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். சாயங்காலம் அதைச் செய்தித்தாளின் மேல் வைத்து, பொடி எழுத்து விளம்பரங்களை வாசித்துக் காட்டினேன். அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, "அடடா" என்றான். அவன் சந்தோஷப்பட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை நானே மாட்டிக் கொடுத்தேன். அவன் முன்னால் உட்கார, மகள் பக்கத்தில் உட்கார, நான் பின்சீட்டில் பெருமையோடு உட்கார்ந்தேன். அப்பாவை நம்பாமல், வேகத்தைக் காட்டும்படி போனையும் மடியில் வைத்திருந்தாள் மகள்.

மெயின் ரோடு வந்தது.

"இப்ப எவ்வளவுப்பா?"

அண்ணன் மீட்டரை ஒரு பார்வை பார்த்தான். "முப்பத்தஞ்சு."

போனில் முப்பத்தி நாலு. எனக்கு உச்சி குளிர்ந்தது. என் கைவேலையைப் பார்க்கலாமென்று முன்னால் எட்டிப் பார்த்தேன்.

முள் பூஜ்யத்தில் இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டிக்குப் பின்னால் ஒரு கேபிள் வரும். சக்கரத்தின் ஓட்டத்தை மீட்டருக்குக் கொண்டுவருவது அதுதான். வயரையும் திருகையும் எண்ணி மாட்டிய நான் அதை மறந்துவிட்டேன். பல் செட்டுக்குப் பின்னால் கேபிள் ஏது?

"இப்ப?"

மறுபடியும் பார்த்தான். "நாப்பத்திரண்டு."

போனில் நாற்பத்தொன்று. மகளும் முள்ளைப் பார்த்துவிட்டாள். நான் தேய்த்த தேய்ப்பில் அந்தப் பூஜ்யம் பக்கத்து வண்டிக்காரனுக்கே தெரிந்திருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஓரமா நிறுத்துங்கப்பா."

நிறுத்தினான்.

"மீட்டர் ஓடவே இல்லப்பா."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தன நாளாண்ணா தெரியல?"

"ஒரு வருஷம் இருக்கும். எதப் பாத்தாலும் நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குது. வேகத்த எஞ்சின் சத்தத்துல கண்டுபிடிச்சிருவேன்."

"ரோட்டுல குழந்தைங்க நடக்குதுண்ணா! அதுங்களையும் சத்தத்துலதான் கண்டுபிடிப்பியா? என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"கண்ணுன்னு சொன்னா சாவிய வாங்கிருவீங்க. பிளாஸ்டிக்குன்னு சொன்னா தேய்ச்சுக் குடுப்பீங்க" என்றான்.

முன்சீட்டின் மேலாகக் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் சாவியை உருவி மகளிடம் நீட்டினான்.

"வித்துருவியாம்மா?"

"யாருப்பா விக்கிறா? இந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டுறேன். நாளைக்குக் கண் டாக்டர்கிட்டயும் இதுலதான் போறோம்."

இடம் மாறினார்கள். கியர் போடத் தெரியாமல் இரண்டு தடவை எஞ்சினை அணைத்தாள். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே குதிக்கிற என் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை கார் நகர்ந்தது.

அவள் மடியிலிருந்த போனை எடுத்து, பார்க்காமலே பின்னால் என்னிடம் நீட்டினாள்.

"அத்தை, இத நிறுத்திருங்க."

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவுப்பா?"

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இருபத்தாறு. இன்னும் கொஞ்சம் மிதி, பயப்படாத."