முன்சீட்டுக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கோவில்பத்தில் முகைதீன் பிச்சையின் பழைய ஆம்னி வேன், சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் போட்டது. மகன் நூருல் அமீன் மூன்று மணிக்குத் திருச்சியில் விமானம் ஏற வேண்டும். அவனுடைய விசா அன்றோடு முடிகிறது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார் எங்கும் கிடைக்கவில்லை. தள்ளியும் பார்த்தார்கள், சந்து மணலில் சக்கரம் வேகம் பிடிக்கவில்லை.

தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டிருந்த மெக்கானிக் டைட்டஸ் ஸ்கூட்டரை நிறுத்தினார். பின்னால் மனைவி சலோமி.

“வேணாம் தம்பி, வெள்ளச் சட்டை போட்டிருக்கீங்க. பூசைக்குப் போங்க,” என்றார் முகைதீன் பிச்சை.

“அஞ்சு நிமிஷம் பாய்.”

“இவங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா!” என்று சலோமி இறங்கிக்கொண்டாள்.

“ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போயிருக்கும்,” என்றார் முகைதீன் பிச்சை. “ பேட்டரி போன மாசம் மாத்துனது.”

“போன மாசம் பேட்டரி, இந்த மாசம் மோட்டார், அடுத்த மாசம் வண்டியவே மாத்திருவீங்களா? அமீனு, லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்பு.”

‘டக்.’ விளக்கு மங்கவில்லை. மோட்டார் இறுகியிருந்தாலும் பேட்டரி இறங்கியிருந்தாலும் மங்கியிருக்கும். அப்படியானால் மோட்டாருக்குள் மின்சாரமே ஓடவில்லை.

டைட்டஸ் முன்சீட்டைத் தூக்கினார். ஆம்னிக்கு இன்ஜின் அதன் அடியில்தான். பேட்டரியின் மைனஸிலிருந்து தடித்த வயர் ஒன்றைக் கொண்டுவந்து இன்ஜின் இரும்பில் அழுத்தினார். அமீன் திருப்பியதும் வண்டி கிளம்பியது.

“மோட்டார் நல்லாருக்கு பாய். இன்ஜினுக்குப் போற எர்த் வயர்தான் சரியா புடிக்கல.”

வண்டியை அணைத்துவிட்டு எர்த் வயரின் போல்ட்டைச் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கோடு ஒரு வெந்தயமும் உதிர்ந்தது.

“இது நோன்புக் கஞ்சில்ல?”

ரமலானில் பள்ளிவாசல் கஞ்சியை வாளியில் வாங்கி, முன்சீட்டில் வைத்துப் பத்து வீடுகளுக்குக் கொடுத்து வருவது முகைதீன் பிச்சையின் வழக்கம். டைட்டஸ் வீடும் அதில் ஒன்று.

“ஒரு நா வேகத்தடையில கொட்டிருச்சு. சீட்ட மட்டும் தொடச்சேன், கீழ எறங்குனதப் பாக்கல,” என்றார் முகைதீன் பிச்சை, முகம் சுருங்கி.

“அன்னைக்கு எங்களுக்கு அரைத் தூக்குச்சட்டிதான் வந்துச்சு. மீதியக் குடிச்சது யாருன்னு இப்பல்ல தெரியுது!” என்றாள் சலோமி. அமீன் சிரித்துவிட்டான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கியதும் வேன் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அமீன் டைட்டஸின் கரி படிந்த கையைப் பற்றி ஸலாம் சொல்லிவிட்டு ஏறினான்.

பூசையில் பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதிக்கு இருவரும் போனார்கள். இப்படித் தாமதமாக வருகிறவர்களைக் கடவுள் கடிந்துகொள்வதில்லை.