கரை மட்டும் நின்ற வேட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆனி மாதத்திலிருந்து, சிங்காநல்லூர் அரங்கசாமி மில்லில் நெய்த வேட்டிகள் மதியச் சங்கு ஊதும் நேரத்தில் மறைந்துபோயின. கரை மட்டும் நின்றது; மீதி மறுநாள் விடிந்தால்தான் திரும்பி வந்தது. அந்த வருடம் பருத்தி விலை சுமார்தான், மழை பரவாயில்லை. முதலில் மாட்டிய சோமனூர் ஜவுளிக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் மானம் தப்பியது. ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போனவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் குதிரைமேல் ஏறியிருந்தார். பிறகு ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். காலைக் காரியங்களுக்கு மட்டும் அந்த வேட்டியைக் கட்டினார்கள், பாதி விலைக்குக் கேட்டார்கள்.

அந்த மில்லில் கரைக்கான நூலை ஆண்களும், மீதி வேட்டிக்கான நூலைப் பெண்களும் நூற்றார்கள். ஒரே மாதிரி மெஷின், ஒரே பஞ்சுத் தூசி. கூலி மட்டும் பெண்களுக்குப் பாதி. கேட்டால் வழக்கம் என்பார்கள். அங்கே நூல் நூற்ற முத்தாத்தாளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். புருஷன் இல்லாதவள். சித்திரைக்குள் கூலி ஏறாவிட்டால், படிப்பில் கெட்டிக்காரியான மகள் சின்னாத்தாளைப் பள்ளியை விட்டு நிறுத்தி மில்லுக்குக் கூட்டிவர வேண்டியதுதான்.

அரங்கசாமி விவரமானவர். கோயில் விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர், மேல் கரை இடுப்பிலும் கீழ்க் கரை கணுக்காலிலும் நிற்க, நடுவில் கோவணத்தோடு நின்ற அன்றே, பாதிக் கூலி நூல் பாதி நாள்தான் நிற்கும் என்ற சங்கதியைப் புரிந்துகொண்டார். புரிந்ததற்காக முழுக் கூலி கொடுத்துவிட முடியுமா? முத்தாத்தாளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏனம்மணி, உனக்கு மட்டும் ஆம்பளைக் கூலி போட்டுத் தாரேன். என்ற ஊட்டு வேட்டிக்கு நீயே நூத்துப்போடு."

"ஆகட்டுமுங்க" என்றாள். மகள் முகம்தான் கண்முன் நின்றது. பக்கத்து மெஷின் பங்காரம்மா, "உம் புள்ளையாவது படிக்கட்டு கண்ணு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது முத்தாத்தாளுக்கு.

புது வேட்டி கட்டிய அன்று மதியம், முதலாளியின் முழங்காலில் கைக்குட்டை அகலத்துக்குத் துணி மிஞ்சியது. வேறொரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக வந்தார்.

"என்ன அம்மணி, இப்படிப் பண்ணிப்போட்டே?"

"நா ஒருத்தி தொட்டா நூலாயிருமுங்களா? பஞ்சு பிரிச்சவ, நூலைச் சிட்டஞ் சுத்துனவ, எல்லாரு கையும் அதுல இருக்குதுங்க. எல்லாருக்கும் போடுங்க. இல்லீன்னா எனக்கும் பழையபடியே போட்டுருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது. அவர் பழையபடியே போட்டார்.

மாசி போனது, பங்குனி வந்தது. அரங்கசாமி மகனுக்கு நெல்லூர்ப் பக்கம் பெண் அமைந்தது. அந்தப் பக்கத்தில் முகூர்த்தம் ராத்திரியில்தான். சொந்த மில் துணியைத் தவிர வேறெதையும் மணமேடையில் கட்டுவதில்லை என்பது அரங்கசாமி குடும்பத்து வழக்கம். இரண்டு வழக்கங்களுக்கும் நடுவில் அகப்பட்டவர் மூன்றாவதை விட்டுவிட்டார். பெண்கள் எல்லோருக்கும் முழுக் கூலி போட்டார். மாப்பிள்ளை வேட்டி விடியும்வரை இருந்தது. மற்ற மில்காரர்கள், ஊரைக் கெடுத்துவிட்டார் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

பள்ளி திறந்த அன்று சின்னாத்தாள் அந்த மில் துணியில் தைத்த பாவாடையோடு போனாள். மதியச் சங்கு ஊதியபோது முத்தாத்தாளுக்கு மெஷினில் கை ஓடவில்லை. சாயங்காலம் மகள் தெருவில் ஓடி வந்தாள். பாவாடை முழுசாக இருந்தது, முன்பக்கம் பூராவும் மை.

"புதுப் பாவாடையில மையக் கொட்டிப்போட்டியே கண்ணு" என்று திட்டிக்கொண்டே, அதைத் துவைக்கப் போட்டாள் முத்தாத்தாள்.