ஜின்-டூவின் கஞ்சிக்கடைக்கு வந்த வரிசை

ஏழாம் மாதம் பிறந்த அன்று மாலை, ஜின்-டூவின் மீன்கஞ்சிக் கடை முன்னால் நின்ற வரிசையில் உயிரோடு இருந்தவர் ஒருவர்கூட இல்லை. அன்று சந்தையில் பால்கெண்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, வெயில் வழக்கம்போல் அடித்தது. தைனான் நகரில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் மீன் விலையை முதலில் சொல்லிவிட்டுத்தான் வரிசைக்கு வருவார்கள்.

எல்லாம் எதிர்க்கடை மன்-டிங்கால் வந்த வினை என்பது ஜின்-டூவின் கட்சி. அந்தப் பெண் இஞ்சிப்பாகில் இளம் டோஃபுவை மிதக்கவிட்டு விற்பவள். கடை திறந்ததும் எல்லாரையும்போல் போனை எடுத்துப் படம் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சந்தில் யார் போகிறார்கள், எப்போது போகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தாள். வேலையற்றவள் என்று ஜின்-டூ சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஒருநாள் ஒரே ஒரு படம் போட்டாள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் காலியாக ஒரு நாற்காலி. கீழே, ‘நாள் பூரா நின்னு கால் வலிக்கிறவங்களுக்கு. மாலை ஐந்து மணி, கோயிலுக்குப் பின் சந்து, பானை தீரும்வரை.’ அவ்வளவுதான். பின்தெரு மருத்துவமனைச் செவிலியர்களின் போனிலிருந்து இஞ்சி வாசனை வந்தது. உட்கார்ந்தே வேலை பார்க்கும் கணக்காளர் அதே படத்தைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மறுநாள் முதல் வெள்ளைச் செருப்புகளின் வரிசை மன்-டிங் கடையில் தொடங்கி, சந்தின் குறுக்கே வந்து, ஜின்-டூவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

ஜின்-டூவின் கஞ்சி அதிகாலையில் தொடங்கி மதியத்தோடு தீர்ந்துபோகும் பண்டம். அந்த வரிசையைப் பார்த்து வயிறெரிவதற்காகவே அவர் சாயங்காலம்வரை கடையைத் திறந்து வைத்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவர் அப்படி முறைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருக்கும் அண்டா அடுப்பில்லாமலே கொதிக்கும். ஆரம்பத்தில் பயந்தார், பிறகு எரிவாயு மிச்சமாவதைக் கண்டு பழகிக்கொண்டார். ஆனால் குடிக்க ஆள் இல்லாமல் எவ்வளவு கொதித்து என்ன? மனைவி பாவ்-ஜூ செத்து நாலு வருடமாகியிருந்தது. அவள் போனபின் மீனில் முள் தட்டுப்பட ஆரம்பித்தது, வாடிக்கையாளர் ஒவ்வொருவராக நழுவினார்கள். இந்த வருடமும் இப்படியே போனால் அவளும் அவருமாகத் தொடங்கிய கடையை மூட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். அதைவிட, எதிர்க்கடை பார்க்க மூட வேண்டியிருக்குமே என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆறாம் மாதத்தின் கடைசி நாள் அவரும் போனை எடுத்தார். அண்டாவைப் படம் பிடித்தார், பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல். மன்-டிங் ஓடிவந்தாள்.

“பெரியப்பா, கொஞ்சம் பொறுங்க. யாருக்குன்னு யோசிச்சுட்டுப் போடுங்க. நாளைக்கு வாசல் தெறக்குது!”

“எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா பாரு. மொதல்ல உன் வரிசைய என் வாசல்லேருந்து எடு தாயே.”

எழுதினார்: ‘எல்லாரும் வாங்க! எப்ப வேணும்னாலும் வாங்க!’ கடை எங்கே என்றில்லை, யாருக்கு என்றில்லை. எங்கள் ஊரில் பேர் சொல்லாமல் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவது ஏழாம் மாதத்தில் மட்டும்தான். செத்தவர்களின் வாசல் திறக்கும்போது தெருவில் மேசை போட்டு, சோற்றில் ஊதுவத்தி குத்தி, வழி தெரியாமல் அலையும் ஆவிகளை அழைப்பார்கள். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, பொறாமை அவர் கண்ணை மறைத்துவிட்டது.

வந்தார்கள். கடலில் போன மீனவர்கள் ஈரச்சட்டையோடு வந்தார்கள். காலரா வருடத்துத் தையல்காரர்கள் வந்தார்கள். பழைய கோட்டையிலிருந்து ஒரு ஒல்லாந்துச் சிப்பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒழுங்காக வரிசையில் நின்றான். யாரும் சாப்பிடவில்லை, கஞ்சியின் ஆவியை மட்டும் மோந்துவிட்டு நகர்ந்தார்கள். மிஞ்சிய கஞ்சி நனைந்த காகிதம்போல் சப்பென்றிருந்தது. இருந்த இரண்டொரு வாடிக்கையாளரும் சந்து முனையிலேயே திரும்பிப் போனார்கள். போனில் மட்டும் நட்சத்திரங்கள் குவிந்தன. போட்டவர்களுக்கு முகப்படம் கிடையாது, இறந்த வருடம் மட்டும் இருந்தது.

இதில் ஜின்-டூ வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. “செத்தவனா இருந்தா என்ன? வரிசை வரிசைதானே! உன்னோடது கோயில் மதில் வரைக்கும், என்னோடது கடல் வரைக்கும்!” என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினார்.

மாதம் பாதியானபோது சந்து முனையில் பாவ்-ஜூ வந்தாள். அதே ரப்பர் ஏப்ரன், அதே கணுக்கால் வீக்கம். ஜின்-டூ தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தார், கரண்டியைத் துடைத்தார். அவள் அவருடைய நீண்ட வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சந்தின் எதிர்ப்பக்கம் போய் மன்-டிங்கின் வரிசையில் ஒரு செவிலியின் பின்னால் நின்றுகொண்டாள்.

அவர் கரண்டியோடு ஓடினார். “ஏய், பாவ்-ஜூ! நம்ம கடை இந்தப் பக்கம்!”

“தெரியும்யா.”

“தெரிஞ்சுமா அங்க நிக்கிற?”

“நீ எல்லாரையும் கூப்பிட்ட. என்னக் கூப்பிட்டியா? இந்தப் பொண்ணு, கால் வலிக்கிறவங்க வாங்கன்னு எழுதியிருக்கா. உன் கடையில முப்பது வருஷம் நின்னேன். ஒருநாள் நாற்காலி போட்டியா?”

வரிசையே திரும்பிப் பார்த்தது, ஒல்லாந்துக்காரன் உட்பட. ஜின்-டூவுக்கு அன்று வலித்ததுபோல் அவள் செத்த அன்றுகூட வலிக்கவில்லை. அண்டா கொதிப்பதை நிறுத்தியது.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. மன்-டிங்கிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு, எப்படி யோசிக்கணும் என்று கேட்டார். அவள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “யாரு வரணும் பெரியப்பா?” அவர் தன் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மாதத்தின் மிச்ச நாட்கள் முழுக்க எழுதினார், அழித்தார், எழுதினார். வந்த ஆவிகளைச் சந்தின் பொது மேசைக்கு நாங்கள் திருப்பிவிட்டோம். கடைசி நாள், செத்தவர்களின் வாசல் மூடுவதற்குமுன், அவர் ஒரு படம் போட்டார். அதில் அண்டா இல்லை, மெத்தை வைத்த நாற்காலி இருந்தது.

‘விடியுமுன்ன எழுந்து, குளிர்ந்த தண்ணில கைய விட்டு, மத்தவங்க தொண்டையில சிக்காம முள்ளெடுத்தவளுக்கு. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. கோயிலுக்குப் பின்னாடி, நம்ம கடை. மீனோட அடிவயித்துத் துண்டு, இஞ்சி தூக்கலா, கொத்தமல்லி இல்லாம. உக்காந்து சாப்பிடு.’

ஆறு மணிக்கு பாவ்-ஜூ வந்து உட்கார்ந்தாள். மோந்துவிட்டுப் போகவில்லை, கரண்டியால் அள்ளி அள்ளிக் குடித்தாள். ஒரு முள் தட்டுப்பட்டது. எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி குடித்தாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

மறுநாள் விடியற்காலை மீன்சந்தையில் முள்ளெடுக்கும் பெண்களின் போன்களில் இஞ்சியும் பால்கெண்டையும் மணத்தன. ஊறிச் சுருங்கிய விரல்களோடு அவர்கள் வந்து நாற்காலி தேடி உட்கார்ந்தார்கள், முள்ளைப் பற்றி முகத்துக்கு நேரே திட்டினார்கள், மறுநாளும் வந்தார்கள். கடை இன்றும் நடக்கிறது. வருடாவருடம் ஏழாம் மாதக் கடைசி நாளில் மெத்தை நாற்காலியில் யாரும் உட்காரமாட்டார்கள், பாவ்-ஜூ வருவாள். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இனிப்புக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். அவள் திரும்பி வரும்வரை ஜின்-டூ கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே முறைத்தபடி வாசலில் நிற்பார். அன்று சாயங்காலம் அவர் கடையில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை, தேவைப்படாது.