ஒன்பதாம் பாத்தி

இடது கைக் கட்டைவிரல் நகத்துக்குள் இருந்த மண் மட்டும் வரவே மாட்டேன் என்றது. அக்கா பழைய பல் பிரஷ்ஷைச் சோப்பு நீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டிக்காரர்கள் தம்பியைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனதிலிருந்து அவள் இந்தக் கைகளை விட்டு எழுந்திருக்கவில்லை.

"விடுங்கக்கா, போதும்," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "இருபத்தாறு வருஷத்து மண்ணு. ஒரு காலையில போயிடுமா?"

"உயிரோட இருக்கறப்ப மட்டும் சொன்னா கேட்டானா? கையைக் கழுவிட்டுச் சாப்பிடுடான்னா, கழுவிட்டேன்கான்னு உள்ளங்கையை நீட்டுவான். நகத்தைக் காட்டவே மாட்டான் திருடன்."

தையல்காரர் குனிந்து மூச்சை இழுத்தார். "வாசம் இன்னும் அப்படியே இருக்கு பாருங்க. அளவெடுக்கக் கிட்டப் போனா, ஒரு செடிக்குச் சட்டை தைக்கிற மாதிரியே இருக்கும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். மிளகாய்க் கிடங்கில் இருபது வருஷம் காம்பு கிள்ளியதில் அவள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. தெருவே தம்பியை 'மருவு' என்றுதான் கூப்பிட்டது. அவன் தெருமுனையில் திரும்பும்போதே மருவு வாசம் முன்னால் வந்துவிடும் என்பார்கள். சொல்கிறவர்கள் பொய்யா சொல்வார்கள் என்று அவளும் நம்பிவைத்திருந்தாள். ஒரே வீட்டில் முப்பது வருஷம் இருந்தும், அவளுக்கு அவன் சோப்பு வாங்கிவைக்க வேண்டிய ஓர் ஆள், அவ்வளவுதான்.

அவளுக்குப் புருஷன் செத்தபோது வயது இருபத்தொன்பது. துணிமூட்டையோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதிலில் தானும் இருப்போம் என்று அவளுக்குப் பயம்.

தம்பிக்கு வேலை, வாசனைச் செடி ஆராய்ச்சிப் பண்ணையில். மருவு, புதினா, துளசி, ஓமவல்லி என்று சமையலுக்கும் வாசத்துக்கும் ஆகிற செடிகளை வரிசையாக நட்டு, வெட்டி, நிழலில் காயவைத்து, ஆவியில் எண்ணெய் இறக்கி, அது இறைச்சி கெடாமல் எத்தனை நாள் காக்கிறது, எந்தக் கிருமியைக் கொல்கிறது என்று பார்க்கிற இடம். பார்ப்பவர்கள் படித்தவர்கள். நட்டு, வெட்டி, சுமந்து, கொதிக்கவைப்பவன் தம்பி. கூலியாகச் சேர்ந்து மேஸ்திரி ஆனவன். மருவுக்கு மட்டும் முப்பத்திரண்டு பாத்தி. எல்லாவற்றுக்கும் ஒரே நாற்று, ஒரே எரு, ஒரே அளவுத் தண்ணீர். வெட்டும் நேரம் மட்டும் மாறும். பாத்திக்கு ஒரு தகரச் சீட்டு, சீட்டில் ஒரு எண். வெட்டிய கட்டு காயும் இடத்துக்கும், கொதிக்கும் பாத்திரத்துக்கும், எண்ணெய்க் குப்பிக்கும் அந்த எண் கூடவே போகும். எண் மாறினால் மொத்தமும் குப்பை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு சீட்டுகூட மாறியதில்லை என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம். தம்பி அதை வீட்டில் வந்து, தனக்கு ஒன்றும் பெரிதில்லை என்கிற மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வான். அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயைத் தானே இறக்கிவிட்டு அவன் பேசினான்.

"அக்கா, அந்த டிரம்முல பூச்சி வரலை."

"எந்த டிரம்முல?"

"மாடியில. நீல டிரம்."

அக்காவுக்கு முதலில் பிடிபடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குக் குடல்வால் வெடித்து, கிடங்கிலிருந்து நேரே தூக்கிப்போனார்களே, அந்தச் சமயம். அவள் தைத்த வயிற்றோடு வீடு திரும்பியபோது, மாடியில் நெடுக்காகப் பிளந்து போட்டிருந்த டிரம்மில் வளர்ந்த பன்னிரண்டு மருவுச் செடியும் இல்லை. கேட்டதற்குப் பூச்சி விழுந்துவிட்டது என்றான்.

"ஒன்பதாம் பாத்திக்குத் தண்ணி திறந்துவிட்டேன்கா. அப்பத்தான் போன் வந்தது, உன்னைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு. போட்டது போட்டபடி ஓடிவந்துட்டேன். ஆபீசுக்கு மூணு நாள் லீவு. யாரும் மூடலை. போய்ப் பார்த்தா குளம். வேரெல்லாம் வெந்த கீரை மாதிரி." மூச்சு வாங்கினான். "விடியறதுக்கு முன்னாடி நம்ம டிரம்முல இருந்ததைப் பிடுங்கி, சாக்குல சுத்தி, சைக்கிள்ல வெச்சு கொண்டுபோய் நட்டுட்டேன். அங்க ஒன்பதுன்னு புதுச் சீட்டு வெச்சுட்டு, பழைய சீட்டை நம்ம டிரம்முல குத்திட்டேன்."

"அதுக்கென்னடா இப்ப? செடி தானே. செத்ததுக்குப் பதிலா செடி வெச்சே."

தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்தான். படிக்காத அக்காவைப் பார்த்துச் சிரிக்கும் பார்வை அது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

"அது வேற செடிக்கா. நீ சந்தையிலேருந்து எடுத்துட்டு வந்தியே, அது. அதுல எண்ணெய் ரெண்டு மடங்கு இறங்குது. டாக்டரம்மா அதை வெச்சுத்தான் இப்ப எல்லாம் எழுதுது." குழாயை மறுபடி ஏற்ற வந்த நர்ஸின் கையைத் தள்ளினான். "நான் சொல்லிருக்கணும். நாக்கு வரைக்கும் வரும். வந்ததும், 'மேஸ்திரி, உங்களை நம்பித்தான் தூங்கறேன்'னு அது சொல்லிடும். நீ சொல்லிடுக்கா."

"நீயே வந்து சொல்லு," என்றாள் அக்கா. விடிகாலை நாலு மணிக்கு அவன் போய்விட்டான்.

அவனிடம் மிச்சமிருந்தது, சீட்டு மாறவிடாதவன் என்கிற அந்தப் பெயர் ஒன்றுதான். வீடு வாடகை, சைக்கிள் பழசு, சட்டை நாலு. அதையும் அவள் வாயாலேயே பிடுங்கிப் போட வேண்டும். அதுவும் இன்றைக்கு.

டாக்டரம்மா பதினோரு மணிக்கு வந்தார். கூடவே டிரைவரும் ஆபீஸ் குமாஸ்தாவும். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, பண்ணைக்குப் போடும் சேறு பட்ட பூட்ஸோடு அப்படியே வந்திருந்தார். வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தவர், பார்த்தபடியே நின்றார். பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கையில மண்ணு இருக்கட்டும்கா," என்றார். "இல்லாட்டி அடையாளமே தெரியாது."

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தொடங்கினார். "இவரை மாதிரி ஒரு ஆள் இனிமே கிடைக்க மாட்டாங்க. இருபத்தாறு வருஷம்! ஒரு சீட்டு மாறினதில்லை." தையல்காரர் தன் சொந்தப் பிள்ளையைப் பாராட்டிய மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் பெரிய கூட்டத்துல அந்தக் கட்டுரையை வாசிக்கப்போறேன்கா," என்றார் டாக்டரம்மா தணிந்த குரலில். "கடைசியில அவர் பேரையும் போட்டிருக்கேன். அவர்கிட்ட சொல்லலை. அச்சாகி வந்ததும் கையில கொடுக்கலாம்னு இருந்தேன்."

"எதைப் பத்தினதும்மா?"

"உங்ககிட்ட சொல்லிருப்பாரே. ஒன்பதாம் பாத்தி."

அக்கா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள். சோப்பு நீர் தரையில் தெறித்தது. "உங்களுக்கு மாடியைக் காட்டணும்," என்றாள். "வாங்க."

மாடிப்படி இரும்பு, குறுகல். அக்கா முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். மேலே பெயின்ட் டப்பாக்களில் புதினா, ஓமவல்லி, இரண்டு டப்பாவில் அதே சந்தை மருவு. தண்ணீர்த் தொட்டி நிழலில் நீல டிரம். உள்ளே மண் மட்டும். மண்ணில் வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைக் குழி. ஓரத்தில் ஒரு தகரச் சீட்டு குத்தியிருந்தது. அதில் 9.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். "இது பண்ணைச் சீட்டாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

அக்கா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அவளுக்கு அது வராது. தன் வயிற்று ஆபரேஷன், திறந்துவிட்ட தண்ணீர், மூணு நாள் லீவு, சாக்கு, சைக்கிள். கீழே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அதே நேரத்துல வெட்டின மத்த மூணு பாத்தியும் சாதாரணமா இருந்தது. ஒன்பது மட்டும் எகிறுச்சு. மண்ணுலதான் ஏதோ இருக்குன்னு நாலு தடவை தோண்டிப் பார்த்தேன்கா." குரல் ஏறியது. "நாலு தடவை! இடுப்பளவுக்கு. தோண்டினது யாரு? அவர்தான். குழிக்குள்ள நின்னுக்கிட்டு, 'இன்னும் ஆழமா போகட்டுமாம்மா'ன்னு கேட்டாரு."

வேர்வை சொட்டச் சொட்டத் தம்பி அந்தக் குழிக்குள் நிற்பது அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது. கோபப்படுகிறவருக்கு அதற்கு உரிமை இருக்கிறது. அதுவும் தெரிந்தது.

"மூணு வருஷம்கா. எழுதினதெல்லாம்..." டாக்டரம்மா எழுந்து, பெயின்ட் டப்பாவிலிருந்த மருவில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தார். கண் சுருங்கியது. மறுபடி முகர்ந்தார். "இது எந்தச் சந்தை? யார் கடை?"

"ஏழு வருஷம் ஆச்சும்மா. கடையெல்லாம் இல்லை. மூட்டை இறக்குற இடத்துல ஒரு கொத்து மிதிபட்டுக் கிடந்தது. 'உன் சாமானை ஊரே மிதிக்குதுடா'ன்னு கேலி பண்ணி அவன்கிட்ட கொடுத்தேன். நட்டுட்டான்."

டாக்டரம்மா கசக்கிய இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "ஒன்பதை எடுத்துடணும்," என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "ஒன்பதை எடுத்தா கட்டுரையே இல்லை."

"பேரையும் எடுத்துடுவீங்களா?"

டாக்டரம்மா டிரம்மின் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஏன் மறுபடி ஒண்ணும் நடலை?"

"அதான் எனக்கும் தெரியலை. குழி தூர்ந்துபோகாம கரண்டியால தோண்டிவிட்டுக்கிட்டே இருப்பான். தினமும் தண்ணி வேற. வெறும் மண்ணுக்கு எதுக்குடா தண்ணின்னா, 'இருக்கட்டும்கா'ம்பான். மறை கழண்டுபோச்சுன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வேர்வையா என்று அக்கா பார்க்கவில்லை. இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள்.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. வண்டி ரெண்டரைக்கே வந்துவிட்டது. மிளகாய்க் கிடங்கிலிருந்து நாலு பெண்கள், கண்ணில் காந்தலோடு அப்படியே வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். தூக்குவதற்கு முன் குமாஸ்தா, புதிதாக வந்தவர்களுக்காக, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"என்ன ஒரு மனுஷன்! இருபத்தாறு வருஷத்துல ஒரு சீட்டு மாறினதுண்டா? டாக்டரம்மாவையே கேளுங்க."

எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்த டாக்டரம்மாவின் கைக்குள் அந்த இலை இன்னும் இருந்தது. அவர் கட்டிலில் நீட்டியிருந்த கையை, கட்டைவிரலை, பார்த்தார்.

"மாறினதில்லை," என்றார்.

பிறகு குனிந்து வாசலில் பூட்ஸை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார். கயிறு முடிச்சு விழ வெகுநேரம் ஆயிற்று.

எல்லாம் முடிந்து அக்கா வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. தையல்காரர் ஒரு தூக்கில் சோறு வைத்துவிட்டு, "ராத்திரிக்கு எங்க வீட்டம்மாவை அனுப்பட்டுமா, துணைக்கு?" என்றார். வேண்டாம் என்றாள். அவர் போனதும் வேண்டும் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. எதிர்வீட்டில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு நின்றுபோன வேலை.

கட்டில் வெறுமையாகக் கிடந்தது. கிண்ணத்தில் சோப்பு நீர் கலங்கலாகி, அடியில் கொஞ்சம் மண் படிந்திருந்தது. அதைக் கொட்டலாமா என்று ஒரு கணம் நின்றாள். கொட்டவில்லை, கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள்.

மாடிக்கு ஏறினாள். கழுத்து அறுத்த பிளாஸ்டிக் பாட்டில் தொட்டியின் மேல் கவிழ்ந்திருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, கத்தியால் கீறிய ஒரு கோடு. செடிக்கு அந்தக் கோடு வரைதான். ஒரு விரல் கூடினாலும் தம்பி திட்டுவான். மருவு டப்பாவுக்கு ஊற்றினாள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள். இலை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

புதினாவுக்கு ஊற்றினாள். ஓமவல்லிக்கு ஊற்றினாள். பாட்டிலைக் கவிழ்த்து வைக்கப் போனவள், திரும்ப எடுத்து, கோடு வரை நிரப்பி, நீல டிரம்மின் முதல் குழியில் ஊற்றினாள். இரண்டாவது குழிக்கு மறுபடி தொட்டிக்குப் போனாள். கோட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, கூடியதைச் சிந்திவிட்டு, ஊற்றினாள். கடைசிக் குழியில் தண்ணீர் சட்டென்று இறங்கவில்லை. அது இறங்கும்வரை, முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடி நின்றாள்.